ஆளும் கிடைக்கல, வேலையும் கிடைக்கல! ஏன்?

(செஞ்சியில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! வேலை தேடி அலையும் இளைஞர்களே!



நம்ம ஊர் டீக்கடையில் காலையில் உட்கார்ந்தால் இரண்டு பேச்சு காதில் விழும். ஒரு பெஞ்சில் இருக்கிற விவசாயி சொல்வார்: "நடவுக்கு நாலு நாளா ஆள் தேடறேன், ஒருத்தரும் வரல." எதிர் பெஞ்சில் இருப்பவர் சொல்வார்: "எங்கய்யா வேலை இருக்கு? மாசத்துல பத்து நாள் ஓடினா பெரிசு."

இரண்டு பேரும் ஒரே ஊர். ஒரே டீக்கடை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆள் தேடுகிறவருக்கு ஆள் இல்லை. வேலை தேடுகிறவருக்கு வேலை இல்லை. இது எப்படி நடக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நாம் ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம். "சோம்பேறி ஆயிட்டாங்க" என்கிறார் விவசாயி. "கூலி குடுக்க மனசு வரல" என்கிறார் தொழிலாளி. சண்டை நமக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பதில் சொல்ல வேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இன்றைக்கு அந்தக் கேள்வியைத்தான் நாம் எடுத்துப் பேசப் போகிறோம்.

கோட்டைக்குப் பெருமை வந்தது, நமக்கு?

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையும் நாம் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவை. அந்தக் கோட்டைக்குள் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் இருக்கிறது. மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும், உள்ளே நெல் இல்லாவிட்டால் கோட்டை நிற்காது என்று அந்தக் காலத்து ராஜாக்களுக்கே தெரிந்திருந்தது. சிவாஜி பிடித்தாலும் சரி, முகலாயன் பிடித்தாலும் சரி, பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் யார் வந்தாலும் சரி, களஞ்சியத்தை நிரப்பியது நம்ம கழனி.

இன்றைக்கும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மூட்டை நெல் வருகிறது. நெல்லுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நெல்லை விளைவித்த வீட்டுப் பிள்ளை சென்னையில் சித்தாள் வேலைக்கோ பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்கோ பஸ் ஏறுகிறான். களஞ்சியம் நிரம்புகிறது, ஊர் காலியாகிறது. இதுதான் இன்றைய செஞ்சி.

வேலை இல்லை என்றால் என்ன அர்த்தம்?

அரசாங்கம் சொல்கிறது, வேலையின்மை குறைந்துவிட்டது என்று. 2017-18ஆம் ஆண்டு மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் நாட்டின் வேலையின்மை 6.1 சதவீதம். 2023-24இல் அது 3.2 சதவீதம். கிராமப்புறத்தில் 2.5 சதவீதம்தானாம். அதாவது வேலைக்கு வரும் 100 பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வேலை இல்லையாம்! நம்ம தெருவில் எண்ணினாலே அதைவிட அதிகம் வருமே, இது எப்படி?

கணக்கு எடுக்கும் விதத்தில் இருக்கிறது சூட்சுமம். அந்தக் கணக்கெடுப்பில் ஒருவர் வருஷத்தில் 30 நாள் ஏதாவது வேலை செய்திருந்தால் போதும், அவர் 'வேலையில் உள்ளவர்' பட்டியலில் சேர்ந்துவிடலாம். வாரக் கணக்கு என்று இன்னொன்று இருக்கிறது. அதில் ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டு, அப்பாவுக்குக் கழனியில் தண்ணி மடை திருப்பிவிடும் பையன் சம்பளம் ஒரு ரூபாய் வாங்காவிட்டாலும் 'வேலையில் உள்ளவர்'தான்.

இரண்டு காணி நிலத்தில் அப்பா, அம்மா, மகன், மருமகள் நாலு பேரும் இருக்கிறார்கள். அந்த நிலத்துக்கு இரண்டு ஆள் போதும். இரண்டு பேர் விலகினாலும் ஒரு மூட்டை குறையாது. ஆனால் நாலு பேரும் உழைப்பதாகக் கணக்கு. இதைப் பொருளாதாரம் படித்தவர்கள் மறைமுக வேலையின்மை என்கிறார்கள். நாம் "சும்மா இருக்க முடியாம கழனிக்குப் போறான்" என்கிறோம். இரண்டும் ஒன்றுதான்.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 2018-19இல் நாட்டில் வேலை செய்யும் 100 பேரில் 42 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். 2023-24இல் அது 46 ஆக ஏறியிருக்கிறது. நாடு முன்னேறினால் விவசாயத்திலிருந்து ஆட்கள் மற்ற தொழிலுக்குப் போக வேண்டும். இங்கே உல்டாவாக நடந்திருக்கிறது. நகரத்தில் வேலை போனவர்கள் நிலத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். நாட்டின் வருமானத்தில் 100 ரூபாய்க்கு 18 ரூபாய்தான் விவசாயத்தின் பங்கு. அந்த 18 ரூபாயை 46 பேர் பங்கு போட வேண்டும். இதுதான் 'வேலையின்மை குறைந்துவிட்டது' என்பதன் உள்கதை.

வேலை எங்கிருந்து வருகிறது?

தோழர்களே, கிராமத்தில் வேலை என்பது வானத்திலிருந்து வருவதில்லை. அது பயிரின் விலையிலிருந்து வருகிறது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். ஒரு ஏக்கரில் 30 மூட்டை நெல். மூட்டைக்கு 150 ரூபாய் குறைத்து வியாபாரி விலை போடுகிறார். ஈரம் என்பார், கருக்கா என்பார், இன்றைக்கு வரத்து அதிகம் என்பார். ஏக்கருக்கு 4,500 ரூபாய் போயிற்று. ஒரு ஆள் கூலி 300 என்று வைத்தால் அது 15 ஆள் கூலி. அடுத்த பட்டத்தில் அந்த 15 ஆளை நாம் கூப்பிட மாட்டோம். களை எடுக்க ஆள் விடுவதற்குப் பதில் மருந்து அடிப்போம். அண்டை வெட்டுவதை நாமே செய்வோம். வரப்பு அப்படியே கிடக்கும். இப்படி ஆயிரம் ஏக்கர் என்றால் 15,000 ஆள் வேலை காணாமல் போகிறது. எந்தப் பேப்பரிலும் இந்தச் செய்தி வராது. ஆலை மூடினால் செய்தி. கழனியில் வேலை செத்தால் செய்தி இல்லை.

இப்போது அந்த டீக்கடைக்குத் திரும்புங்கள். விவசாயியால் வருஷம் பூராவும் ஆள் வைக்க முடியவில்லை. நடவு, அறுவடை என்று பத்து நாளைக்கு மட்டும் கூப்பிடுகிறார். மீதி நாளைக்கு வேலை இல்லாததால் தொழிலாளி வெளியூர் போய்விடுகிறார். போனவர் நமக்குத் தேவைப்படும் அந்தப் பத்து நாளைக்கு மட்டும் திரும்பி வருவாரா? பஸ் சார்ஜுக்கே கட்டாது. ஆகவே இவருக்கு ஆள் இல்லை, அவருக்கு வேலை இல்லை. விலை இல்லாத பயிர்தான் இரண்டு பேரையும் பிரித்து வைத்திருக்கிறது.

இது இன்றைக்கு வந்த நோய் இல்லை. 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் உலகம் பூராவும் பரவியது. 1930களின் தொடக்கத்தில் நம் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. வரி குறையவில்லை, வட்டி குறையவில்லை. நிலம் கைமாறியது, குடியானவர் கூலியாள் ஆனார். கடன் சுமை தாங்காமல் 1938இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவில் 1933இல் வேலைக்கு வரும் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. அங்கே ரூஸ்வெல்ட் அரசு செய்தவற்றில் இரண்டைச் சொல்கிறோம். ஒன்று, விளைபொருள் விலையைத் தூக்கிவிட அந்த வருஷமே சட்டம் போட்டது. இரண்டு, காடு வளர்க்க, ரோடு போட, அணை கட்ட அரசே லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. விலையும் வேலையும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று அன்றைக்கே புரிந்துகொண்டார்கள். நம்ம ஆட்களுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை.

மல்லாட்டை எங்கே போச்சு?

நம் கண் முன்னால் நடந்த உதாரணம் ஒன்று சொல்கிறோம். மல்லாட்டை.

செஞ்சி, மேல்மலையனூர், அவலூர்பேட்டை, வளத்தி பக்கம் கொல்லை முழுக்க மல்லாட்டை போட்ட காலம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ஏக்கர் மல்லாட்டை எத்தனை பேருக்கு வேலை கொடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். விதைக்கு முன்னால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் விதை உடைப்பார்கள். ஏர் ஓட்ட ஒருவர், பின்னால் விதை போட ஆள். களை வெட்ட ஆள், மண் அணைக்க ஆள். பிறகு பிடுங்க, ஆய, காய வைக்க, மூட்டை கட்ட ஆள். வயசான அம்மா கூட நிழலில் உட்கார்ந்து காய் ஆய்ந்து நாலு காசு பார்த்தார். அதற்குப் பிறகு செக்கு, எண்ணெய் மில், வண்டி, தரகு. கொடி மாட்டுக்கு. புண்ணாக்கு கறவைக்கு. அந்தப் பால் சொசைட்டிக்கு. ஒரு பயிர், அதைச் சுற்றி ஒரு ஊரே பிழைத்தது.

1986இல் மத்திய அரசு எண்ணெய் வித்துகளுக்கென்று ஒரு தனி இயக்கம் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயை ஏறக்குறைய முழுவதும் நாமே உற்பத்தி செய்தோம். நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, செய்து காட்டிவிட்டோம். 1994இல் பாமாயில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள். அடுத்த வருஷம் உலக வர்த்தக அமைப்பு வந்தது. வரி ஏறும், இறங்கும். ஆனால் கப்பல் நிற்கவில்லை. இன்றைக்கு நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இந்தோனேசியா, மலேசியா பாமாயில். 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்க்கு 20 சதவீதம் அடிப்படை இறக்குமதி வரி போட்டார்கள். கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பார்த்தோம். 2025 மே கடைசியில் அதை 10 சதவீதமாக வெட்டிவிட்டார்கள். விதைக்கிற நேரத்தில் இப்படி வரியை இறக்கினால் யார் தைரியமாக மல்லாட்டை போடுவார்?

நம் ரேஷன் கடையிலும் பாமாயில்தான், லிட்டர் 25 ரூபாய்க்கு. ஏழைக்கு மலிவாக எண்ணெய் கிடைக்க வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த எண்ணெய் நம்ம மல்லாட்டையிலிருந்து, நம்ம எள்ளிலிருந்து, நம்ம தேங்காயிலிருந்து வந்தால் என்ன? ஏழைக்கு எண்ணெயும் கிடைக்கும், அதே ஏழைக்குக் கொல்லையில் வேலையும் கிடைக்கும். இப்போது மானியப் பணம் மலேசியாத் தோட்டத்தில் வேலை உண்டாக்குகிறது. செஞ்சிக் கொல்லையில் வேலையைக் கொல்கிறது.

மிஷினா காரணம்?

"கட்டர் மிஷின் வந்துதான் வேலை போச்சு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. அறுவடை மிஷின் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிடுகிறது. அறுத்து, கட்டி, களத்துக்குத் தூக்கி, அடித்து, தூற்றிய ஆட்களின் கூலி மிஷின் வாடகையாகவும் டீசலாகவும் ஊரை விட்டு வெளியே போகிறது. ஆனாலும் நாம் மிஷினுக்கு எதிரி இல்லை. இடுப்பு ஒடிய வெயிலில் குனிந்தே கிடக்க வேண்டும் என்று எந்தத் தாயும் தன் மகளுக்கு ஆசைப்பட மாட்டாள்.

நம் கேள்வி வேறு. கழனியில் பத்துப் பேர் வேலையை மிஷின் எடுத்துக்கொண்டால் அந்தப் பத்துப் பேருக்கு வேறு எங்கே வேலை வைத்திருக்கிறீர்கள்? மற்ற நாடுகளில் கழனியை விட்டவர்களைத் தொழிற்சாலை வாங்கிக்கொண்டது. இங்கே நெல் விளைகிற ஊரில் அவல் ஆலை எத்தனை? தவிட்டு எண்ணெய் ஆலை எத்தனை? நெல்லாகவே லாரி ஏறுகிறது. அரிசியாக, அவலாக, எண்ணெயாக மாறும் வேலை எல்லாம் வெளியூருக்குப் போகிறது. மூட்டையோடு சேர்த்து வேலையையும் நாம் ஏற்றி அனுப்புகிறோம்.

தண்ணீரும் ஒரு காரணம். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்கள். ஏரியில் தண்ணி இல்லை, போரில் காற்று வந்தது, கழனியில் வேலை இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. நட்ட பயிர் அழுகியது. பயிர் போனால் நிவாரணம் என்று மனு எழுதலாம். அந்தப் பயிரில் களை எடுக்க வேண்டிய, அறுக்க வேண்டிய தொழிலாளிக்குப் போன வேலை நாளுக்கு எந்த நிவாரணமும் இல்லை. ஏரியை ஆழப்படுத்தி, வரத்து வாய்க்காலைத் திறந்துவிட்டிருந்தால் வறட்சியும் வெள்ளமும் இவ்வளவு அடித்திருக்காது. அந்தத் தூர்வாரும் வேலையே எத்தனை பேருக்குக் கூலி!

படித்த பிள்ளைகளின் கதை

தாய்மார்களே, நாம் படிக்காவிட்டாலும் பிள்ளை படிக்கட்டும் என்று தாலியை அடகு வைத்துப் படிக்க வைத்தோம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதில் நாட்டுக்கே முன்னால் இருக்கிறார்கள். படித்து முடித்த பிறகு? 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வில் முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். ஒரு இடத்துக்கு 300 பேருக்கு மேல்! 2022இல் தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்து காத்திருந்தவர்கள் 70 லட்சத்துக்கு மேல்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் இந்திய வேலைவாய்ப்பு பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. 2022 கணக்குப்படி பட்டம் படித்த இளைஞர்களில் 100க்கு 29 பேருக்கு வேலை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 100க்கு மூன்று பேர்தான். படிப்பு கெடுதலா? இல்லை. ஏழைக்குச் சும்மா இருக்க வசதி இல்லை, கிடைத்த வேலையைச் செய்துவிடுகிறான். படித்தவன் தகுந்த வேலைக்குக் காத்திருக்கிறான். காத்திருக்கும் காலத்தில் அவனுக்குச் சோறு போடுவது யார்? நாம்தான். நெல் மூட்டைதான். ஆகவே படித்தவன் வேலையின்மையும் கடைசியில் விவசாயி தலையில்தான் விழுகிறது. அரசு கொடுக்கும் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். செஞ்சியிலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை இன்டர்வியூவுக்குப் போய் வந்தால் தீர்ந்தது.

வேலை போனால் என்ன எல்லாம் போகும்?

ஒரு வீட்டில் வேலை இல்லை என்றால் அது அந்த வீட்டோடு நிற்காது. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் குடும்பத்துக்கு மாதம் 20 நாள் வேலை இல்லை, கூலி 300 என்று வையுங்கள். மாதம் 60 லட்சம் ரூபாய் வரவில்லை. அந்த 60 லட்சம் எங்கே போயிருக்கும்? செஞ்சி காந்தி பஜார் மளிகைக் கடைக்கு, துணிக்கடைக்கு, டெய்லருக்கு, சைக்கிள் கடைக்கு, ஓட்டலுக்கு. அங்கே வியாபாரம் படுத்தால் கடைப் பையனை நிறுத்துவார்கள். நிறுத்தப்பட்ட பையன் நம்ம ஊர்ப் பையன். அவனும் வாங்க மாட்டான். நம்ம காய்கறியும் பாலும்கூட விலை போகாது. இப்படி வேலையின்மையே வேலையின்மையைப் பெற்றுப் போடுகிறது.

அடுத்து கடன். கூலி வராத மாதத்திலும் பசி வரும். குழுக் கடன், தண்டல், மீட்டர் வட்டி என்று ஒன்றை அடைக்க இன்னொன்று. வாரத் தவணை வசூலுக்கு வந்து வாசலில் உட்காருகிறவர்கள் பேசும் பேச்சை நம் பெண்கள் எத்தனை நாள் கேட்டிருக்கிறார்கள்! இந்த அடாவடி வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. சட்டம் நல்லதுதான். ஆனால் கூலி வராமல் கடன் எப்படி நிற்கும்?

பிறகு ஊர் விட்டுப் போவது. 2020 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? கொரோனா காலத்தில் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். அங்கிருந்து விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குத் திரும்பியவர்களைத் தேடித் தேடிப் பரிசோதனை செய்தார்கள். அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது, சென்னைக்குக் காய்கறி மூட்டை தூக்குகிற முதுகு நம்ம மாவட்டத்து முதுகு என்று. காய்கறி விளைவித்தவனும் நாம், அதைச் சுமந்தவனும் நாம். இரண்டிலும் மிச்சம் பார்த்தவன் வேறு யாரோ.

கடைசியில் நிலம் போகிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் 2011 கணக்கெடுப்புக்கும் நடுவில் தமிழ்நாட்டில் சொந்தமாகச் சாகுபடி செய்கிறவர்கள் 8 லட்சத்துக்கு மேல் குறைந்தார்கள். விவசாயக் கூலிகள் 9 லட்சத்துக்கு மேல் கூடினார்கள். நேற்று ஆள் தேடியவர் இன்றைக்கு வேலை தேடுகிறார். டீக்கடையில் பெஞ்ச் மாறி உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். ஆகவே விவசாயி வேறு, கூலி வேறு என்று நாம் பிரித்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

நூறு நாள் வேலை யாருக்கு எதிரி?

இனி நமக்குள்ளேயே முணுமுணுக்கும் விஷயத்துக்கு வருகிறோம். மூடி மறைக்காமல் பேசுவோம். "நூறு நாள் வேலையாலதான் ஆள் கிடைக்கல" என்று நம் சங்கத்து விவசாயிகளே சொல்கிறார்கள்.

2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் நம் விழுப்புரமும் ஒன்று. வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. வேலை என்பது பிச்சை இல்லை, உரிமை என்று நாட்டில் முதல் தடவையாக எழுதி வைத்த மத்தியச் சட்டம் அது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் 100க்கு 85க்கு மேல் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை நம் தாய்மார்கள் கையில் வாங்கிப் பார்த்தது அதில்தான்.

நூறு நாள் என்று பேர். நாடு முழுவதும் சராசரியாக ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது வருஷத்துக்கு 50 நாள் அளவுதான். 365 நாளில் 50 நாள் போனால் மீதி 315 நாள் ஆள் எங்கே போனார்? அதற்குப் பதிலை முன்னாலேயே சொல்லிவிட்டோம். 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அளந்து பார்த்துக் குறைத்துக் கொடுத்த இடங்கள் நிறைய. 2024 கடைசியிலிருந்து 2025 தொடக்கம் வரை மாதக் கணக்கில் கூலியே வராமல் நம் பெண்கள் பேங்க் வாசலில் நின்றார்கள். வேலை செய்த கூலிக்கே தவம் கிடந்தவர்களைப் பார்த்து 'சுகமாக உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள்' என்று சொல்ல நமக்கு நாக்கு வரலாமா?

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்று முகப்பில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே என்ன? முன்பு கூலிப் பணம் முழுவதும் மத்திய அரசு கொடுத்தது. இனி 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. எவ்வளவு பணம் என்பதை மத்திய அரசு முன்கூட்டியே முடிவு செய்யும். அதற்கு மேல் போனால் மாநிலத்தின் தலையில். கேட்டால் வேலை என்ற உரிமை, இருந்தால் வேலை என்று ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாமாம். விவசாயிக்கு ஆள் கிடைக்கட்டும் என்று இந்த ஏற்பாடாம்! தோழர்களே, ஏமாந்துவிடாதீர்கள். நெல்லுக்கு விலை கொடுத்தால் நாமே நல்ல கூலி கொடுத்து ஆளைக் கூப்பிடுவோம். விலையைக் கொடுக்காமல், தொழிலாளிக்கு வேறு வழியை அடைத்து, குறைந்த கூலிக்கு நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்கிறார்கள். இது நமக்குச் செய்யும் உதவி இல்லை. நம்மை வைத்து அவர்கள் வயிற்றில் அடிக்கும் வேலை. தவிர, அந்த வேலை அட்டை யார் வீட்டில் இருக்கிறது? ஒரு காணி, அரைக் காணி வைத்திருக்கிற நம் வீட்டிலும்தான் இருக்கிறது.

"கம்பெனி வருது, எல்லாருக்கும் வேலை" என்றும் ஆசை காட்டுவார்கள். கம்பெனி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தரிசில் வரட்டும். செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று போராடியவர்களில் 7 பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. தமிழ்நாடே எதிர்த்துக் கேட்ட பிறகு 6 பேர் மீது போட்டதை உடனே வாபஸ் வாங்கினார்கள். இருக்கிற வேலையைப் பிடுங்கிக்கொண்டு வராத வேலையைக் காட்டுவது நியாயமா?

நாம் கேட்பது என்ன?

1. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006இல் சொன்னபடி, உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை. அதற்குக் கீழே வாங்கினால் குற்றம் என்று சட்டம். உற்பத்திச் செலவில் நியாயமான கூலியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

2. ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதில் மல்லாட்டை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். செஞ்சி வட்டாரத்தில் கூட்டுறவு எண்ணெய் ஆலை. இறக்குமதி வரியை விதைப்புக் காலத்தில் குறைக்காதே.

3. நெல்லை இங்கேயே அரிசியாக, அவலாக, தவிட்டு எண்ணெயாக மாற்றும் ஆலைகள். அதில் உள்ளூர் இளைஞர்களுக்கு முதல் உரிமை.

4. வேலை கேட்டால் வேலை என்ற சட்ட உரிமை குறையாமல் வேண்டும். கூலிப் பணம் முழுவதையும் மத்திய அரசே கொடுக்க வேண்டும். 15 நாளில் கூலி. 60 நாள் நிறுத்தம் கூடாது. சிறு, குறு விவசாயிகளின் கழனி வேலைக்கும் அந்தக் கூலியில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும்.

5. ஏரி, வரத்து வாய்க்கால் தூர்வாரும் வேலையை ஒவ்வொரு கோடையிலும் ஊர் மேற்பார்வையில் செய்ய வேண்டும்.

6. பயிர் அழிந்தால் விவசாயிக்கு நிவாரணம் கொடுப்பதுபோல, வேலை நாள் இழந்த விவசாயத் தொழிலாளிக்கும் நிவாரணம்.

7. அரசு அலுவலகங்களில் காலிப் பணியிடங்களை நிரப்பு. ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்து.

இது ஏழு கோரிக்கை போல் தெரியும். ஒரே கோரிக்கைதான். உழைப்புக்கு விலை கொடு.

தோழர்களே! நாம் ஒன்றும் யாருடைய சொத்தையும் கேட்கவில்லை. நாம் விளைவித்ததற்கு விலை கேட்கிறோம், கை இருக்கிறவனுக்கு வேலை கேட்கிறோம். விவசாயி தனியாகக் கேட்டால் "உனக்கு எவ்வளவு மானியம்" என்பார்கள். தொழிலாளி தனியாகக் கேட்டால் "உனக்கு இலவச அரிசி" என்பார்கள். படித்த பிள்ளை தனியாகக் கேட்டால் "தகுதியை வளர்த்துக்கொள்" என்பார்கள். மூன்று பேரும் ஒன்றாக வந்து நின்றால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செஞ்சி தாலுகா ஆபீஸ் முன்பு நடக்கப்போகும் ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். நாளும் நேரமும் உங்கள் ஊர்க் கிளை சொல்லும். வரும்போது விவசாயிகள் கையில் நெல் விற்ற பில் இருக்கட்டும். தொழிலாளத் தாய்மார்கள் கையில் வேலை அட்டை இருக்கட்டும். பிள்ளைகள் கையில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை இருக்கட்டும். மூன்றும் ஒரே துயரத்தின் மூன்று ரசீது என்று அதிகாரிகள் பார்க்கட்டும்.

டீக்கடையில் எதிர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பேசியது போதும். ஒரே பெஞ்சில் உட்காருவோம். அங்கிருந்து ஒன்றாகக் கிளம்புவோம்.

பயிருக்கு விலை கொடு! கைக்கு வேலை கொடு!
மல்லாட்டையை வாழவிடு! பாமாயிலை நிறுத்திவிடு!
பறிக்காதே பறிக்காதே, வேலை உரிமையைப் பறிக்காதே!
பிரிக்காதே பிரிக்காதே, உழவனையும் தொழிலாளியையும் பிரிக்காதே!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!